பூட்டு மேடம் நடத்திய தேர்தல்

அக்காவிடம் எந்த ரகசியத்தையும் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். வாயில் நிற்காது. யாருக்கு வேலை மாறப்போகிறது, யார் வீட்டை விற்கப்போகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேரும். சேர்ந்த அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். இப்படிப்பட்டவளுக்கு ரகசியம் காப்பதே பிழைப்பாக அமைந்தது.

பல்கலைக்கழகத்தில், கணினித் துறையில் பேராசிரியை. அவளுடைய ஆராய்ச்சி குறியாக்கவியலில். ஒரு செய்தியைக் கணக்கால் பூட்டி அனுப்பினால், சாவி வைத்திருப்பவர் மட்டும்தான் திறக்க முடியும். வழியில் பிடுங்கிப் பார்க்கிறவனுக்கு எழுத்துக் குப்பைதான் மிஞ்சும். இதை அம்மாவுக்கு விளக்க அக்கா பல வருடம் முயன்றாள்.

"புரியுது, புரியுது. பூட்டு ரிப்பேர்," என்பாள் அம்மா. "முதல்ல உன் வாய்க்கு ஒண்ணு செஞ்சு மாட்டு."

மாணவர்கள் வைத்த பெயர் பூட்டு மேடம். அந்தப் பெயர் வகுப்பறையிலிருந்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து படியிறங்கி, பல்கலைக்கழக ஊழியர்கள் வசிக்கும் குடியிருப்புக்குள்ளும் நுழைந்துவிட்டது. பால் போடுகிறவரே "பூட்டு மேடம் வீடுதானே?" என்றுதான் கேட்பார். அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. "மேல்மாடில கொசுவைப் பத்தி ஆராய்ச்சி பண்றவரை என்னன்னு கூப்பிடுறாங்க தெரியுமா? அதுக்கு இது எவ்வளவோ மேல்."

அவளுடைய அறை மூன்றாம் மாடியில், படிக்கட்டுக்கு நேர் எதிரே. ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் நிறுத்துமிடம். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதை அவள் முழுக்க அழித்து யாரும் பார்த்ததில்லை. பழைய கணக்கின் மேல் புதிய கணக்கு, அதன் மேல் இன்னொன்று. பலகை எப்போதும் லேசாக நீலம் பூத்திருக்கும். கணக்கு ஓடாத நாளில் மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்து அதன் மேல் காலை வைத்துக்கொண்டு சைக்கிள்களைப் பார்ப்பாள். ஓடுகிற நாளிலும் அதேபோலத்தான் உட்கார்ந்திருப்பாள். வித்தியாசம் கால் கட்டைவிரலில் தெரியும். அது தாளம் போடும்.

தேர்தல் பக்கம் அவளை இழுத்து வந்தது ஒரு கை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கை தூக்கச் சொல்லியிருக்கிறாள். கடைசி பெஞ்சில் ஒரு மாணவி கையைப் பாதி தூக்கினாள், பக்கத்திலிருந்தவளின் முகத்தைப் பார்த்தாள், தூக்கிய கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டாள். அக்கா அன்று வீட்டுக்கு வந்தும் அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

"அது தூக்கினதா, சொறிஞ்சதா? எப்படி எண்ணுறது?"

அக்காவின் கணவர், எங்களுக்கு மாமா, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். "அரை ஓட்டுன்னு வெச்சுக்கோ," என்றாராம்.

அக்காவுக்கு அரை ஓட்டு போதவில்லை. ஓட்டு விஷயத்தில் இரண்டு தேவைகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்கின்றன என்று அவள் சொல்வாள். நான் போட்ட ஓட்டு, போட்டபடியே உள்ளே போனதா என்பது எனக்குத் தெரிய வேண்டும். ஆனால் யாருக்குப் போட்டேன் என்பதை, நானே ஆசைப்பட்டாலும், இன்னொருவருக்கு நிரூபித்துக் காட்ட முடியக் கூடாது. முடிந்தால், மிரட்டுகிறவனும் விலை பேசுகிறவனும் "எங்க, காட்டு பாப்போம்" என்று வாசலிலேயே நிற்பான். எனக்குத் தெரிய வேண்டும், என்னால் காட்ட முடியக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டுவதற்கு அக்கா பதினோரு வருடம் எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் அவள் அமைத்த முறை, கேட்கச் சிக்கலாக இருந்தாலும், உண்மையில் சோறு வடிக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். திரையில் ஒரு பெயரைத் தொட்டதும் கணினி அதைப் பூட்டிவிடும். பிறகு ஒரு கேள்வி கேட்கும்: ஓட்டாகப் போடவா, அல்லது சோதித்துப் பார்க்கிறாயா? போடு என்றால் பூட்டியபடியே உள்ளே போய்விடும். கையில் கிடைக்கும் சீட்டில் வெறும் எழுத்துக் குப்பை. சோதி என்றால், பூட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் பெயரைச் சீட்டில் அச்சடித்துத் தரும். தொட்ட பெயரும் சீட்டிலுள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால் திறந்த சீட்டு செத்த சீட்டு. அது ஓட்டாகாது, மறுபடி முதலிலிருந்து தொட வேண்டும். எவர் சோதிப்பார், எவர் போடுவார் என்பது கணினிக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் யாரிடமும் அது திருட்டுத்தனம் பண்ணத் துணியாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். நசுக்கிப் பார்த்த பருக்கையை யாரும் தட்டில் போடுவதில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய உலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் பூட்டைச் செய்து வெளியிடுவார். மற்றவர்கள் வரிந்து கட்டிக்கொண்டு அதை உடைப்பார்கள். உடைபட்டால் வெட்கமில்லை, மறைத்தால்தான் வெட்கம். அக்காவின் முதல் முறையை யாரோ முகம் தெரியாத ஒரு ஆராய்ச்சியாளர் இரண்டு பக்கக் கட்டுரையில் உடைத்துப் போட்டார். அன்று அக்கா இனிப்புப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

"என்னம்மா விசேஷம்?" என்றார் மாமா.

"என் கணக்குல ஒரு ஓட்டை இருந்துச்சுங்க. ஒருத்தர் கண்டுபிடிச்சுட்டார். எவ்வளவு அழகா கண்டுபிடிச்சிருக்கார் தெரியுமா!"

"கப்பல் கவுந்ததுக்கு இனிப்பு வாங்கிட்டு வந்த முதல் ஆள் நீதான்," என்று சொல்லிக்கொண்டே மாமா இரண்டை எடுத்துக்கொண்டார்.

ஓட்டையை அடைத்தாள். பிறகு யாரும் உடைக்கவில்லை. கட்டுரைகள் வந்தன, பதவி உயர்வும் வந்தது, வெளியூர்க் கூட்டங்களில் கைதட்டினார்கள். ஒன்று மட்டும் நடக்கவில்லை. அந்த முறையில் உண்மையான மனிதர்கள் உண்மையாக ஓட்டுப் போட்டதே இல்லை. எல்லாம் காகிதத்தில், எல்லாம் 'ஒரு வாக்காளர் இருப்பதாகக் கொள்வோம்'. "கொண்டு கொண்டு சலிச்சுப்போச்சு," என்பாள். "ஒரே ஒரு நிஜத் தேர்தல். சின்னதா இருந்தாலும் போதும். கடைசி வரைக்கும் நிக்கணும்."

அது அவளுடைய குடியிருப்பிலேயே கிடைத்தது.

நான்கு கட்டடங்கள், ஒரே தண்ணீர்த் தொட்டி. அதனால் ஒரு சங்கம், அதனால் ஒரு தேர்தல், அதனால் ஒரு சண்டை. தலைவர் பதவிக்கு எப்போதும் இரண்டு பேர்தான் நிற்பார்கள். ஒருவர் வேதியியல் பேராசிரியர். நாக்கின் காரத்துக்காக ஆசிட் சார் என்று பெயர். இன்னொருவர் அலுவலகக் கண்காணிப்பாளர். அவரை வீட்டிலும் சூப்பரண்டு என்றுதான் கூப்பிடுவதாகக் கேள்வி. போன முறை காகிதச் சீட்டில் நடத்தி, எண்ணிப் பார்த்தபோது, வந்த ஆட்களைவிடப் பெட்டியில் இருந்த சீட்டுகள் அதிகம். அடுத்தவர்தான் திணித்தார் என்று இருவரும் சத்தியம் செய்தார்கள். காகிதத்தின் மேல் இருவருக்குமே நம்பிக்கை போயிருந்ததால், அக்கா தன் முறையைச் சொன்னபோது, வாழ்நாளில் முதல் முறையாக இருவரும் ஒரே விஷயத்துக்குத் தலையாட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்பின் பொதுக்கூடத்தில், அட்டைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு திரையும் சிறிய அச்சு இயந்திரமும் வைக்கப்பட்டன. எல்லோரும் அதைப் பெட்டி என்றார்கள். வாசல் மேஜையில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கணக்குத் துறைப் பேராசிரியர்கள் காலையிலேயே கும்பலாக வந்துவிட்டார்கள். எத்தனையோ கூட்டத்தில் கேட்ட முறையை நேரில் தொட்டுப் பார்க்கும் ஆசை. வெளியே வந்தபோது ஒவ்வொருவர் முகத்திலும் தேர்வு நன்றாக எழுதிய களை. மாமா கடைக்குப் போகிற அவசரத்திலும் வந்து போட்டுவிட்டுப் போனார். அக்கா கூடத்தின் ஒரு மூலையில், பிளாஸ்டிக் நாற்காலியில், மணமேடைக்குப் பின்னால் நிற்கிற சமையல்காரர் மாதிரி யாரையும் பார்க்காமல் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் பெட்டி கணக்குச் சொன்னது. சூப்பரண்டு ஐந்து ஓட்டில் வெற்றி. மொத்த ஓட்டு நூற்றியொன்று.

"ஒரு நிமிஷம்," என்றார் ஆசிட் சார், வாசல் மேஜையில் குனிந்தபடி. "கையெழுத்து நூத்திப் பதினெட்டு இருக்கே?"

கூடம் குளவிக்கூடானது. பதினேழு பேரைப் பெட்டி முழுங்கிவிட்டது என்று ஒருவர். இது முழுங்குவதற்குக் காகிதப் பெட்டியே தேவலை, அது ஆளுக்கு ஒன்று சேர்த்தாவது கொடுத்தது என்று இன்னொருவர். சூப்பரண்டு மாலையை எதிர்பார்த்துக் கழுத்தை நீட்டிய நிலையிலேயே நின்றார். சங்கச் செயலாளர் கையைத் தட்டி, புதன்கிழமை கூட்டம் போட்டு முடிவு செய்வோம், அதுவரை யாரும் தலைவர் இல்லை என்று அறிவித்தார். கலைந்து போகும்போது ஆசிட் சார் அக்காவிடம் வந்தார்.

"பூட்டு மேடம், நல்லா பூட்டிட்டீங்க. எங்களைத்தான் உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்க."

திங்கள்கிழமை முழுவதும் அக்கா மூன்றாம் மாடி அறையில் உட்கார்ந்து தன் நிரூபணத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். ஓட்டை இல்லை. நிரலைப் படித்தாள். பிழை இல்லை. பூட்டிய ஓட்டுகள் அத்தனையும் எண்ணப்பட்டிருந்தன, ஒன்றுகூட விடுபடவில்லை. யாராவது உடைத்திருந்தால் இனிப்பு வாங்கியிருப்பாள். இது உடையாமலே கசிந்திருந்தது. அவளுடைய கால் கட்டைவிரல் அசையவே இல்லை.

அன்று சாப்பாட்டு மேஜையில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவளை மாமா தேற்றப் பார்த்தார்.

"எவன் என்ன சொன்னா என்ன? என் ஓட்டை அது முழுங்கல. நான் ஆதாரத்தோட பேசுவேன்."

"என்ன ஆதாரம்?"

மாமா சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்து, அதற்குள்ளிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்து, விரித்து வைத்தார். பெரிய எழுத்தில் சூப்பரண்டின் பெயர் இருந்தது.

அக்கா சீட்டைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள்.

"இதுல பேர் இருக்கு."

"இருக்கணும்ல? நான் போட்ட ஓட்டாச்சே."

"ஏங்க, நீங்க 'சோதித்துப் பார்'னு ஒரு பட்டனைத் தொட்டீங்களா?"

"தொடாம? பொண்டாட்டி செஞ்ச பெட்டி. சோதிக்காம வந்தா மரியாதையா இருக்குமா?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பச்சை டிக் வந்துச்சு. இத்தாம் பெருசு. சந்தோஷமா வந்துட்டேன்."

"மறுபடி தேர்ந்தெடுங்கன்னு எழுதியிருந்துச்சே?"

"எங்க?"

"டிக்குக்குக் கீழ."

"டிக்கைப் பாத்தப்புறம் எவனாவது கீழ படிப்பானா?"

"கண்ணு சோதிக்கக் கடைக்கு வர்றவங்களையெல்லாம் போர்டுல கடைசி வரி வரைக்கும் படிக்க வெச்சுத்தானே விடுறீங்க!"

"அது ஊராருக்கும்மா," என்றார் மாமா.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். புரையேறித் தண்ணீர் குடித்தாள், குடித்துவிட்டு மறுபடி சிரித்தாள். எச்சில் கையோடே, இடது கையால் கைப்பேசியை எடுத்து, கணக்குத் துறையின் மூத்த பேராசிரியரை அழைத்தாள். அவர் ஒலிபெருக்கியில் முழங்கினார்.

"பிரமாதமான வேலைம்மா. நான் ரெண்டு தடவை சோதிச்சேன். ரெண்டும் ரொம்பச் சரி."

"ரொம்ப சந்தோஷம் சார். அப்புறம் ஓட்டுப் போட்டீங்களா?"

அந்தப் பக்கம் ஏதோ குழாய் ஓடுவது மட்டும் கேட்டது.

"சரின்னு நிரூபிச்சாச்சு," என்றார் பேராசிரியர் மெதுவாக. "அதுக்கப்புறம் செஞ்சும் காட்டணுமா என்ன?"

கைப்பேசியை வைத்தபோது அக்காவின் சிரிப்பு அடங்கியிருந்தது. அந்தப் பச்சை டிக்கை வரைந்தவள் அவள்தான். பதினோரு வருட உழைப்பில் அவளுக்கு ரொம்பப் பிடித்த கட்டம், பூட்டு திறந்து உள்ளே இருப்பது சரியாக இருக்கும் அந்த ஒரு நொடி. அதனால் அதற்குத் திரை நிறையப் பச்சை கொடுத்திருந்தாள். ஓட்டு உண்மையாகவே உள்ளே போகிற இடத்தில், ஓரமாக, சாம்பல் நிறத்தில் 'நன்றி' என்று ஒரு சொல். அவளைப் பொறுத்தவரை அங்கே விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. தாலி கட்டுவதைவிடப் பந்தல் போடுவதை ரசிக்கிறவர் மாதிரி. யாரெல்லாம் அவளை அதிகம் நம்பி, அவள் சொன்னபடி அக்கறையாகச் சோதித்தார்களோ, அவர்களெல்லாம் ஓட்டுப் போடாமல் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவசரமாக வந்து, எதையும் சோதிக்காமல், போடு என்று தொட்டுவிட்டு ஓடியவர்களின் ஓட்டுகள் பத்திரமாக இருந்தன.

புதன்கிழமைக்குள் விஷயம் எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. எப்படியோ என்ன, அக்காதான் மாடிப்படியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தாள். அதனால் கூட்டத்துக்கு ஆசிட் சார் வெறுங்கையோடு வரவில்லை. ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சீட்டுக் கட்டோடு வந்தார்.

"பதினாலு சீட்டு," என்று உயர்த்திக் காட்டினார். "கணக்குத் துறை நண்பர்கள் பொக்கிஷமா வெச்சிருந்து குடுத்தாங்க. அத்தனையிலயும் என் பேர்தான். இதையும் கூட்டுங்க. யார் தலைவர்னு அப்புறம் பேசலாம்."

"அதெல்லாம் நடக்காது," என்றார் சூப்பரண்டு. "பெட்டிக்குள்ள விழுந்ததுதான் ஓட்டு. பாக்கெட்டுல இருக்கிறது பஸ் டிக்கெட்டு. பெட்டி சரியா வேலை செஞ்சதுன்னு மேடமே சொல்றாங்க. என்ன மேடம்?"

செயலாளரும் அக்காவைத்தான் பார்த்தார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். எதைச் சொன்னாலும் அதோட முடிச்சுக்கலாம்."

இரண்டு வழியிலும் தேர்தல் செல்லுபடியாகி நின்றுவிடும். சீட்டைக் கூட்டினாலும் நிற்கும், கூட்டாவிட்டாலும் நிற்கும். முதல் நிஜத் தேர்தல் நல்லபடி முடிந்தது என்று கட்டுரை எழுதலாம். அக்கா எழுந்து, மேஜை மேல் இருந்த பெட்டியை உயிர்ப்பித்தாள். ஆசிட் சாரின் பெயரைத் தொட்டு, சோதி என்றாள். சீட்டு வந்தது. மறுபடி தொட்டாள், மறுபடி வந்தது. ஐந்து சீட்டு சேர்ந்ததும் கிழித்துக்கொண்டு போய் ஆசிட் சாரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க சார். இன்னும் அஞ்சு ஓட்டு."

கூடம் சிரித்தது. ஆசிட் சார் சிரிக்கவில்லை; ஆனால் வாங்கிய சீட்டுகளைக் கட்டோடு சேர்த்து வைக்கவுமில்லை.

"யார் வேணும்னாலும், யார் பேர்ல வேணும்னாலும், எத்தனை வேணும்னாலும் எடுக்கலாம் சார். அதனாலதான் அதை எண்ணக் கூடாதுன்னு வெச்சேன். இன்னிக்கு எண்ணினா, அடுத்த தடவை உங்க வீட்டு வாசல்ல ஒருத்தர் நின்னுக்கிட்டு, சீட்டைக் காட்டிட்டுப் போன்னு சொல்வார்." பிறகு சூப்பரண்டின் பக்கம் திரும்பினாள். "அதுக்காக இந்த முடிவும் நிக்காது சார். பெட்டி மேல தப்பில்ல. இவங்க மேலயும் தப்பில்ல. பச்சை டிக்கை நான் தப்பான இடத்துல வெச்சுட்டேன். பதினேழு பேரை வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து, போட்டாச்சுன்னு சொல்லித் திருப்பி அனுப்பினது நான்தான். ஜெயிச்சவர் எந்தப் பெட்டியையும் நம்புவார். தோத்தவர் நம்பணும். இதை எப்படி அவரை நம்பச் சொல்வேன்? ரத்து பண்ணிடுங்க."

"ரத்து பண்ணிட்டு?"

"மறுபடி நடத்துங்க. காகிதத்துல வேணும்னாலும் நடத்துங்க."

அதைச் சொல்லும்போது அவளுடைய குரல் கொஞ்சம் இறங்கியது. மாமா கூரையில் சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதமே போதும் என்று பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் ஆரம்பித்தார்கள். செயலாளர் அதை எழுதிக்கொள்ளப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அப்போது தரைத்தள வீட்டு அம்மா எழுந்தாள். அலுவலகத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள். கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டியைத் தவிர வேறு எதையும் பேசி யாரும் கேட்டதில்லை.

"போன தடவை ஆளை விடச் சீட்டு அதிகம். எவன் போட்டான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டதுல ஒரு வருஷம் தொட்டியே கழுவல. இந்தத் தடவை கம்மி. ஏன் கம்மின்னு மூணு நாள்ல தெரிஞ்சுபோச்சு. தப்பு பண்ணவங்களே வந்து நான்தான்னு நிக்கிறாங்க. நம்ம சங்கத்துல இதுக்கு முன்னாடி யாராவது அப்படிச் சொல்லியிருக்கீங்களா? அந்த டிக்கை எடுத்துட்டு இன்னொரு தடவை வைக்கச் சொல்லுங்க. நேரமாகுது, மோட்டார் போடணும்."

பின்வரிசைக்காரர்களும் தலையாட்டினார்கள். மோட்டார் போட வேண்டியதும் உண்மைதான். செயலாளர் பேனாவை மூடினார்.

அடுத்த வாரம் முழுவதும் அக்கா தன் தொழிலில் இதுவரை செய்யாத ஒரு வேலையைச் செய்தாள். பெட்டியை வீட்டு வரவேற்பறையில் வைத்து, பக்கத்து வீடு எதிர்வீடு என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்து, வாய் திறக்காமல் பார்த்தாள். வாய் திறக்காமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு சிரமம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு விரல் திரையின் மேல் எங்கே தயங்குகிறது, எந்த நிறத்தைக் கண்டதும் தோள் இறங்குகிறது, எந்த வரியைக் கண் தாண்டிப் போய்விடுகிறது என்பதையெல்லாம் அவள் அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தாள். பதினோரு வருடம் காகிதத்தில் இருப்பதாகக் கொண்டிருந்த 'வாக்காளர்' இப்போது மூக்கைச் சொறிந்தார், கண்ணாடியைத் துடைத்தார், "இதைத் தொட்டா ஷாக் அடிக்குமா?" என்று கேட்டார்.

மாமாவைத்தான் அதிகம் உட்கார வைத்தாள்.

"மறுபடியா? கடையைத் திறக்கணும்மா."

"உக்காருங்க. உங்களுக்குப் புரிஞ்சா உலகத்துக்கே புரியும்."

"இது பாராட்டா, திட்டா?"

"தொடுங்க முதல்ல."

பச்சை போனது. சோதித்தவருக்குத் திரை நிறைய மஞ்சள் வந்தது: இது ஓட்டு அல்ல, நீங்கள் இன்னும் ஓட்டுப் போடவில்லை. கையில் கிடைக்கும் சீட்டின் குறுக்கேயும் அதையே அச்சடிக்க வைத்தாள். மறுபடி பெயரைத் தொடும் வரை திரை வேறெங்கும் போகாது. ஓட்டு உள்ளே விழுந்த பிறகுதான் பச்சை டிக், அதோடு ஒரு மணிச் சத்தம். மணி வேண்டும் என்று கேட்டது மாமா. காசு போட்டால் கோயில் உண்டியல்கூடச் சத்தம் போடுகிறது என்றார்.

இரண்டாவது தேர்தலில் கணக்குத் துறைக்காரர்கள் மறுபடியும் கும்பலாக வந்தார்கள், மறுபடியும் சோதித்தார்கள், பிறகு மணியடிக்க ஓட்டும் போட்டார்கள். ஒவ்வொரு மணிக்கும் வாசல் வரிசையில் நின்றவர்கள் "ஆச்சு" என்று ஒரு குரல் கொடுத்தார்கள். மாமா மணியடித்த பிறகும் வெளியே வராமல் தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டி, "இப்ப நான் போகலாம்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். மாலையில் கையெழுத்தும் ஓட்டும் ஒரே எண்ணில் நின்றன. அக்கா இரண்டு எண்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

சூப்பரண்டுதான் வென்றார். இந்த முறை இடைவெளி பெரியது. ஆசிட் சாருக்குப் போன தடவை விழுந்ததைவிட இரண்டே இரண்டு ஓட்டுதான் கூடியிருந்தது.

கூடத்தில் அவர் அந்த எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அக்கா வீட்டு மணியடித்தார். உள்ளே வரச் சொன்னதற்கு வாசலிலேயே நின்றார்.

"மேடம், அன்னிக்குப் பதினாலு பேர் என் பேர் போட்ட சீட்டைக் கையில குடுத்தாங்க. இன்னிக்கு ரெண்டுதான் ஏறியிருக்கு. மீதிப் பேர் யாரு?"

"எனக்குத் தெரியாது சார்."

"பாத்துச் சொல்ல முடியாதா?"

"முடியாது சார்."

"நீங்க செஞ்ச பெட்டி. உங்களாலயே முடியாதா?"

"என்னால முடியக் கூடாதுன்னுதான் சார் பதினோரு வருஷம் உக்காந்தேன்."

ஆசிட் சார் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். ஊரிலேயே எந்த ரகசியமும் நிற்காத வாய் என்று பெயரெடுத்தவள் கையை விரித்து நிற்பதைப் பார்த்து, கடைசியில் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். தலையை ஆட்டிக்கொண்டு திரும்பினார்.

படியிறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். கணக்குத் துறையின் மூத்தவர் முதல் நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் வரை, ஒவ்வொருவரையும் பட்டப் பெயர் சொல்லித் திட்டினார். அவனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன், இவன் மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன், கூடவே இருந்து குழி பறித்துவிட்டான்கள் என்று ஒரு மாடிக்கு இரண்டு பேராக எடுத்துக்கொண்டார். அக்கா கதவை மூடாமல், கைப்பிடியில் கை வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தர் தோத்துட்டுப் போறார், உனக்கென்னம்மா இவ்வளவு சிரிப்பு?" என்று மாமா உள்ளேயிருந்து கேட்டார்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள். கீழ்ப்படி வரை குரல் இறங்கி, வெளிக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவ்வளவு வசவில் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.